ஓதிப் பார்த்தாயிற்று, மருத்துவரிடம் போவது எப்போது?



நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் 103ஐத் தொட்டால் நம் வீடுகளில் எவரும் ஹஜ்ரத்தின் கதவைத் தட்டுவதில்லை. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடுகிறோம். ஓடும் வழியில் ஓதுகிறோம், துஆச் செய்கிறோம். மருந்தும் துஆவும் ஒரே வண்டியில் போகின்றன. அதனால் நம் ஈமானுக்குக் குறை வந்துவிட்டதாக யாரும் கருதுவதில்லை. ஆனால் அதே பிள்ளை மூன்று வாரமாக உறங்கவில்லை, பள்ளிக்கூடம் என்றாலே நடுங்குகிறான், தனக்குத்தானே பேசிக்கொள்கிறான் என்றால் நம் கால்கள் வேறு திசையில் நடக்கத் தொடங்கிவிடுகின்றன. முதலில் ஓதிய தண்ணீர். பிறகு தாயத்து. பிறகு அடுத்த ஊரில் 'பார்வை பார்ப்பவர்'. அதன் பிறகு அதற்கும் அடுத்த ஊரில், இன்னும் அதிகம் வாங்குபவர். மருத்துவரின் வாசலை அடையும்போது ஈராண்டோ மூவாண்டோ கழிந்திருக்கும். அந்த ஆண்டுகள் பிள்ளையின் வாழ்விலிருந்து கழிந்தவை என்பதை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருபவன் என்ற முறையில் இதைச் சற்றுக் கடுமையாகவே எழுதப் போகிறேன். என் துறையைச் சேர்ந்தவர்களில் சிலருக்கு வருத்தம் ஏற்படலாம். ஏற்படட்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். ஜின் என்ற படைப்பு உண்டு என்பது நம் அகீதா. கண்ணூறு உண்மை. குர்ஆனை ஓதி நிவாரணம் தேடுவது சுன்னத்தில் உள்ள வழி. ஜின்னின் தீங்கு குறித்து ஹதீஸ் நூல்களில் வரும் அறிவிப்புகளை நான் மறுக்கவில்லை. இதை வாசித்துவிட்டு, 'உஸ்தாத் நவீனவாதியாகிவிட்டார்' என்று எவரும் சிரமப்பட்டுப் பின்னூட்டம் இட வேண்டாம். என் கேள்வி வேறு. ஜின் உண்டு என்பதை நமக்குச் சொன்னது வஹீ. உங்கள் வீட்டு ஒன்பது வயதுப் பிள்ளையின் உடம்பில் இப்போது ஒரு ஜின் இருக்கிறது என்பதை உங்களுக்குச் சொன்னது யார்? தாயின் பெயரைக் கேட்டு, விரலால் கணக்குப் போட்டு, 'கிழக்குப் பக்கத்துப் புளியமரத்திலிருந்து வந்தது' என்று அடையாளமும் சொல்பவருக்கு அந்த மறைவான அறிவு எங்கிருந்து வந்தது? மறைவானவற்றை அறிவதாகச் சொல்பவரிடம் போய் அவர் சொல்வதை நம்புவதைக் குறித்து நம் மார்க்கம் எவ்வளவு கடுமையாக எச்சரித்திருக்கிறது என்பதை மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால் கணிப்பவர் தொப்பியும் தாடியும் வைத்திருந்தால் அந்த எச்சரிக்கை நமக்கு மறந்துபோகிறது.

நோய் எப்படித் தோற்றம் தருகிறது, நாம் அதற்கு என்ன பெயர் சூட்டுகிறோம் என்பதைக் கொஞ்சம் பாருங்கள். இரண்டு வயது தாண்டியும் பிள்ளை பேசவில்லை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பவில்லை, கண்ணைப் பார்ப்பதில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவதில்லை, ஒரு பொம்மைக் காரின் சக்கரத்தை மட்டும் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கிறான். இவை ஆட்டிசத்தின் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே காட்ட வேண்டும். நம் வீட்டில் பாட்டியம்மா சொல்வது என்ன? 'அவங்க வாப்பாவும் நாலு வயசுலதான் பேசினாரு.' வாப்பா சவூதியிலிருந்து தொலைபேசியில் அதை ஆமோதிக்கிறார். பயிற்சிகள் அதிகப் பலன் தரக்கூடிய முதல் ஐந்தாண்டுகள் இப்படியே கரைந்துவிடுகின்றன. ஓரிடத்தில் ஐந்து நிமிடம் அமர இயலாத, சொன்னதை உடனே மறந்துவிடுகிற, கவனக்குறைவும் மிகைச் செயல்பாடும் கொண்ட பிள்ளைக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'ஷைத்தான்'. எழுத்துகளை வாசிக்கத் திணறும் பிள்ளை 'மக்கு'. திடீரென்று வெட்டி இழுத்து விழும் பிள்ளையின் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறோம். வலிப்பு என்பது மூளை நரம்பு சார்ந்த நோய். முறையாக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர்வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மருந்தும் விலை அதிகமில்லை. சாவிதான் இலவசம் என்பதால் அதை நம்புகிறோமோ என்னவோ!

பதினான்கு வயதுப் பெண்பிள்ளை பேச்சைக் குறைத்துவிட்டாள். எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாள். வயிற்றுவலி, தலைவலி என்கிறாள். பரிசோதித்தால் ஒன்றும் இல்லை. பெரியவர்களின் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படுவது போலப் பிள்ளைகளிடம் எப்போதும் வெளிப்படுவதில்லை. அது எரிச்சலாகவும் உடல் வலியாகவும் பள்ளி செல்ல மறுப்பதாகவும் வரும். நமக்கு அது 'வயசுக் கோளாறு' அல்லது 'யாரோ செஞ்சு வச்சிருக்காங்க'.

இந்த இடத்தில் வஸ்வாஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் இதில் நோய் மார்க்கத்தின் உடையை அணிந்துகொண்டு வருகிறது. அதனால் பெற்றோர் ஏமாறுகிறார்கள். மக்தபில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் உளூச் செய்யப் போனால் அரைமணி நேரமானாலும் வரமாட்டான். முழங்கை நனைந்ததா என்ற ஐயம். மறுபடியும் முதலிலிருந்து. கை விரல்களின் தோல் வெந்தது போல வெளுத்துச் சுருங்கியிருக்கும். தக்பீர் கட்டுவான், கலைப்பான், மீண்டும் கட்டுவான். அவன் தாயார் பெருமையுடன், 'எம்புள்ளைக்கு அவ்வளவு பேணுதல் உஸ்தாத்' என்றார். அந்தப் பையனின் கண்களைப் பார்த்திருந்தால் அது பேணுதல் இல்லை, வதை என்று அவருக்கு விளங்கியிருக்கும். தொழுகையில் ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய அமைதியில் ஒரு துளியும் அவனுக்குக் கிடைக்கவில்லை. தொழுகை நேரம் நெருங்கினாலே அவனுக்கு வியர்த்தது.

இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு: எண்ணச் சுழற்சி நோய். வேண்டாத ஓர் எண்ணம் திரும்பத் திரும்ப வந்து அலைக்கழிக்கும். அதைத் தணிக்க ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்யத் தோன்றும். செய்தால் கணநேரம் தணியும். பிறகு முன்னிலும் வேகமாக வரும். பிள்ளைப் பருவத்திலேயே தொடங்கக்கூடியது இது. நம் ஃபிக்ஹு அறிஞர்கள் வஸ்வாஸுக்குச் சொன்ன வைத்தியம் என்ன என்பதை ஓதியவர்கள் அறிவார்கள்: ஐயத்தைப் பொருட்படுத்தாதே, திருப்பிச் செய்யாதே, கடந்து போ. இன்றைய மனநல சிகிச்சையில் பயிற்சி பெற்றவர்கள் இந்நோய்க்குக் கற்பிப்பதும் ஏறத்தாழ அதுவே. ஐயம் எழும், அதற்குப் பணிந்து கழுவாமல் அந்தப் பதற்றத்தைப் பொறுத்துக்கொள்ளப் படிப்படியாகப் பழக்குகிறார்கள், தேவைப்படும்போது மருந்தும் சேர்க்கிறார்கள். அந்தப் பையனை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தோம். சில மாதங்களில் அவன் மூன்று நிமிடத்தில் உளூச் செய்துவிட்டு ஜமாஅத்தில் வந்து நின்றான். அவனுடைய பேணுதல் குறைந்துவிட்டதாக அவன் தாயார் இப்போதும் கவலைப்படுவதுண்டு. அது வேறு கதை.

'இதெல்லாம் பெரிய ஊர்களில், வசதியானவர்கள் வீட்டில் வரும் நோய்' என்பார் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழகம் உள்ளிட்ட 12 மாநிலங்களில் 2015–16ஆம் ஆண்டில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கு ஏதேனுமொரு மனநலக் கோளாறு இருப்பதாக அதில் கண்டறியப்பட்டது. நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் உடனடி உதவி தேவைப்படும் வளரிளம் பருவத்தினர் ஏறத்தாழ 98 லட்சம் பேர். நம் மக்தப் ஒன்றில் அந்த வயதில் நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருந்தால் அவர்களில் மூவரைப் பற்றித்தான் இந்தப் புள்ளிவிவரம் பேசுகிறது. அந்த மூவர் யாரென்று உஸ்தாதுக்குத் தெரியுமா? அதே ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. நோயின் வகைக்கேற்ப, சிகிச்சை தேவைப்படுவோரில் 70 முதல் 92 விழுக்காட்டினர் அதைப் பெறவில்லை.

ஏன் பெறவில்லை என்பதற்கு முழுப் பழியையும் பெற்றோர் தலையில் சுமத்துவது அநீதி. இந்த நாட்டில் 1 லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இருப்பவர்களும் பெரும்பாலும் நகரங்களில். அவர்களில் பிள்ளைகளுக்கென்றே தனிப் பயிற்சி பெற்றவர்கள் மிகமிகச் சிலர். தேசிய மனநலத் திட்டம் 1982ல் வந்தது. மாவட்ட மனநலத் திட்டம் 1996ல் வந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கடற்கரைக் கிராமத்திலிருந்து ஒரு தாய், ஒரு நாள் கூலியை இழந்து, இரண்டு பேருந்து மாறி, பிள்ளையை இழுத்துக்கொண்டு போய், வரிசையில் நின்று, சில நிமிடங்கள் மட்டும் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள் என்றால் அது அரசின் தோல்வி. அதை அரசிடம் கேட்கத்தான் வேண்டும். காலியாக இருக்கும் இடத்தில் யாராவது வந்து அமர்வார்கள் என்பது உலக வழக்கம். மருத்துவர் இல்லாத இடத்தில் தாயத்துக்காரர் அமர்ந்திருக்கிறார். அவர் ஞாயிற்றுக்கிழமையும் இருக்கிறார். ஒரு மணிநேரம் உட்கார்ந்து கதையைக் கேட்கிறார். இதை ஒப்புக்கொள்ளாமல் அவரை மட்டும் திட்டுவதில் பயனில்லை.

ஆனாலும் திட்ட வேண்டியது இருக்கிறது. ருக்யாவுக்குக் கட்டணம் வாங்குவதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் ஒன்று உண்டு. தேள் தீண்டிய ஒரு கோத்திரத் தலைவருக்கு ஸஹாபி ஒருவர் ஃபாத்திஹா ஓதி, அதற்கு ஆடுகள் பெற்ற நிகழ்ச்சி அது, புகாரியில் இருக்கிறது. சரி, அதையே எடுத்துக்கொள்வோம். அந்த மனிதர் குணமாகி எழுந்து நடந்தார். அதன் பிறகே ஆடுகள் கைமாறின. நம்மூரில் ஆடு முதலில் போகிறது. பிறகு கோழி போகிறது. பிறகு உம்மாவின் காதிலும் கையிலும் இருப்பது அடகுக்குப் போகிறது. பிள்ளை எழுந்து நடப்பது மட்டும் நிகழ்வதில்லை. நிகழாவிட்டால், 'வீட்டில் தொழுகை சரியில்லை' என்று பழி குடும்பத்தின்மேல் திரும்புகிறது. இப்படி எந்த நிலையிலும் தோற்காத வைத்தியத்தை வேறெங்கும் காண முடியாது.

இதைவிடக் கொடியது அடி. 'அடி ஜின்மேல்தான் விழுகிறது. பிள்ளைக்கு வலிக்காது' என்று சொல்லிப் பிரம்பால் அடிக்கிறார்கள். மிளகாய்ப் புகை போடுகிறார்கள். மறுநாள் காலை ஜின்னின் முதுகை எவரும் பார்ப்பதில்லை. பிள்ளையின் முதுகில் தழும்பு இருக்கிறது. வலிப்பு நோய் கண்ட பெண்மணி ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட செய்தி நமக்குத் தெரியும். பொறுமை கொண்டால் சுவனம், விரும்பினால் குணத்துக்காக துஆ என்று அவர்கள் அப்பெண்ணிடமே தேர்வைக் கொடுத்தார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். ஆனால் விழும்போது தம் ஆடை விலகாதிருக்க துஆச் செய்யக் கேட்டார். நபியவர்கள் அவ்வாறே துஆச் செய்தார்கள். நோயாளியின் மானம் காக்கப்பட்டது. நாமோ ஊரைக் கூட்டி வைத்து, தலைவிரி கோலமாய் நிற்கும் பெண்பிள்ளையிடம், 'நீ யார், சொல்' என்று அதட்டுகிறோம். அதைக் கைப்பேசியில் படமும் பிடிக்கிறோம். சொல்ல முடியாத துயரம் ஒன்று அவளுக்கு வீட்டிலோ வெளியிலோ நேர்ந்திருக்கலாம்; வாயால் சொல்ல முடியாததை உடல் சொல்கிறது என்று மருத்துவர்கள் கூறுகிறார்கள். கதவைச் சாத்திவிட்டு, பெண் ஒருவர் தனியே அமர்ந்து, 'உனக்கு யாராவது தீங்கு செய்தார்களா கண்ணே?' என்று கேட்டிருக்க வேண்டிய நேரம் அது.

ஏர்வாடியை நாம் பேசியே ஆக வேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநல விடுதி ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்களின் கால்களில் சங்கிலி. ஓட வழியின்றி 28 உயிர்கள் கருகின. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அங்கிருந்த அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. குணமாகும் என்று நம்பி அழைத்துவந்து விட்டுப் போன குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். அத்தீயில் மாண்டவர்கள் எல்லாச் சமயத்தவரும்தான். ஆயினும் அங்கு நடந்தது நம் பெயரால், நம் வாசலில் நடந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் எந்த வடிவிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்கிறது. ஆகவே வீட்டுத் திண்ணையில் பிள்ளையைக் கயிற்றால் கட்டிப்போட்டிருப்பவரை, 'என்ன செய்வார் பாவம்' என்று கடந்துபோகும் மஹல்லாவாசிகளும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவருக்குக் கயிற்றைத் தவிர வேறொன்றும் நாம் கொடுக்கவில்லை.

தர்காவையும் மருத்துவத்தையும் எதிரெதிராக நிறுத்தித்தான் தீர வேண்டும் என்பதும் இல்லை. குஜராத் மாநிலம் உனாவாவில் உள்ள மீரா தாதார் தர்காவில், 2008ஆம் ஆண்டு முதல் துஆவுக்கு வருவோரை அங்கேயே மனநல மருத்துவரும் பார்க்கும் ஏற்பாடு நடந்தது. 'தவா'வும் 'துஆ'வும் சேர்ந்தது என்றே அதற்குப் பெயர். அங்குள்ள முஜாவிர்களே பயிற்சி பெற்று, நோய் அறிகுறி கண்டவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். தர்காவுக்குச் செல்வது பற்றி நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு; அது வேறு மன்றத்துக்குரியது. ஆனால் 'ஓதுகிறேன், அத்துடன் மருத்துவரிடமும் காட்டுங்கள்' என்று சொல்ல அந்த முஜாவிர்களுக்கு இருந்த மனம், தவ்ஹீதை முழங்கிக்கொண்டே ருக்யா நிலையம் நடத்தும் நம் நவீன சகோதரர்கள் சிலருக்கு ஏன் இல்லை? தாயத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அதே இடத்தில் கருஞ்சீரக எண்ணெய்ப் புட்டியையும் கட்டணச் சீட்டையும் வைத்ததில் பிள்ளைக்கு என்ன மாறியது?

அடுத்து, மிகவும் பக்குவமாகச் சொல்லப்படும் ஒரு தடை இருக்கிறது: 'ஈமான் வலுவாக இருந்தால் மனச்சோர்வு வராது. தவக்குல் வையுங்கள், தொழச் சொல்லுங்கள், சரியாகிவிடும்.' இதைச் சொல்பவர்களின் நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் யஃகூப் (அலை) அவர்களுக்கு ஈமான் குறைவா? மகனைப் பிரிந்த துயரில் அவர்களின் கண்கள் வெளுத்துப் பார்வை போனதைக் குர்ஆனே கூறுகிறது. அத்துயரை இறைவனிடம் முறையிட்டதையும் கூறுகிறது. அதற்காக அவர்களை அது எங்கும் பழிக்கவில்லை. மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்து வைத்திருக்கிறான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்தார்கள். அந்த அனுமதியில் உடல்நோய் என்றும் மனநோய் என்றும் கோடு கிழித்தது யார்?

குழந்தையின் துயரத்தை எப்படி அணுகுவது என்பதற்கும் நமக்கு முன்மாதிரி இருக்கிறது. அபூ உமைர் என்ற சிறுவர் வளர்த்த சிறு பறவை இறந்துவிட்டது. அச்சிறுவர் சோர்ந்திருப்பதைக் கண்ட நபியவர்கள், அந்தப் பறவையைப் பற்றியே அவரிடம் கனிவாக விசாரித்தார்கள். ஒரு சமுதாயத்தையே வழிநடத்தியவர்கள், ஒரு குருவிக்காக வாடிய பிள்ளையின் முகத்தைக் கவனித்தார்கள். 'குருவிதானே, போய்த் தொழு' என்று சொல்லவில்லை. நம் வீடுகளில் பிள்ளை, 'எனக்கு மனசு சரியில்லை' என்று வாய் திறந்தால், 'உனக்கென்ன குறை, சோறு இல்லையா, துணி இல்லையா?' என்றுதான் பதில் வருகிறது. இரண்டாவது முறை அந்தப் பிள்ளை நம்மிடம் சொல்லாது.

நம் முன்னோர் இதில் நம்மைவிட எவ்வளவோ தெளிவாக இருந்தார்கள். ஹிஜ்ரி 322ல், அதாவது கி.பி. 934ல் மறைந்த அபூ ஜைத் அல்பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்று உடல், உள்ளம் இரண்டின் நலனுக்குமாக ஒரே நூலை எழுதினார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமின்றி உடலின் உள்ளிருந்து எழும் துயரம் வேறு என்று அதில் பிரித்துக் காட்டினார். வஸ்வாஸுக்கும் தனி இடம் கொடுத்தார். கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284ல் நிறுவிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதி இருந்தது. எடிர்னேயில் 1488ல் எழுந்த பாயஸீத் மருத்துவமனையில் நீரூற்றின் ஓசையும் நறுமணமும் இசையும் சிகிச்சையாக வழங்கப்பட்டன. (இசை கூடுமா என்ற விவாதத்தை இங்கே தொடங்க வேண்டாம்.) அந்நாட்டு முஸ்லிம்கள் ஜின்னை நம்பாதவர்களா? நம்பினார்கள், மருத்துவமனையும் கட்டினார்கள்.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் உண்மையான பூட்டு வேறிடத்தில் இருக்கிறது. 'மனநல டாக்டரிடம் காட்டினோம்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு நிகாஹ் பேசி வருவாங்க?' அதனால் பார்வை பார்ப்பவரிடம் போனதை ஊரே அறியலாம். மருத்துவரிடம் போனதை மட்டும் மறைக்க வேண்டும். சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்று நோயோடு பெண்ணைக் கட்டிக் கொடுக்கிறார்கள். கொஞ்ச காலத்தில் அவள் கைக்குழந்தையைச் சுமந்தபடியோ தலாக்குடனோ தாய்வீடு திரும்புகிறாள். பையன்களுக்கும் இதே மருந்தை எழுதிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் பலியாவது யாரோ வீட்டு இன்னொரு பெண். நிகாஹ் ஓதி வைக்கும் நாங்கள் மஹர் எவ்வளவு என்று இரண்டு முறை கேட்கிறோம். இதை ஒரு முறையும் கேட்பதில்லை.

தற்கொலை குறித்தும் நாம் வாய் திறப்பதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். 'நம் சமுதாயத்தில் அது இல்லை' என்று சொல்லிக்கொள்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. அது ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அறிவு பேதலித்தவரையும் பருவமடையாத பிள்ளையையும் விட்டுக் கணக்கெழுதும் பேனா உயர்த்தப்பட்டிருப்பதாகச் சொன்ன மார்க்கமும் இதுவே. யாருடைய அறிவு எந்த நிலையில் இருந்தது என்று தீர்ப்பளிப்பது ரப்புக்குரியது. 'செத்துடலாம் போலிருக்கு' என்று ஒரு பிள்ளை சொன்னால், 'நரகத்துக்குப் போவாய்' என்று மிரட்டுவது உதவியாகாது. மிரண்ட பிள்ளை அடுத்த முறை சொல்லாமலே இருந்துவிடும். அருகில் அமருங்கள். தனியே விடாதீர்கள். மருந்து, பூச்சிக்கொல்லி போன்றவற்றைக் கைக்கெட்டாமல் அப்புறப்படுத்துங்கள். அன்றே அழைத்துச் செல்லுங்கள். நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று அஞ்ச வேண்டாம். கேட்பதால் அப்படி நேர்வதில்லை.

இனி என் சொந்த வீட்டுக்கு வருகிறேன். நம் மக்தபுகளிலும் ஹிஃப்ழு மதரஸாக்களிலும் பிரம்பு இன்னும் ஓய்வு பெறவில்லை. பத்து வயதுப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்து விடுதியில் சேர்க்கிறோம். படுக்கையில் சிறுநீர் கழிக்கிறான். அது பெரும்பாலும் தூக்கத்தில் தன்னையறியாமல் நேர்வது. மனப்பதற்றத்தால் மீண்டும் தொடங்கியதாகவும் இருக்கலாம். அவனைப் பாயைத் தூக்கிக்கொண்டு எல்லோர் முன்னிலும் நிற்க வைக்கிறோம். பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நோக்கி ஒருமுறைகூடச் 'சீ' என்று சொல்லாத நபியின் பாடத்தை அவனுக்குக் கற்றுக்கொடுப்பதாகவும் சொல்லிக்கொள்கிறோம். ஏழாண்டு, எட்டாண்டு ஓதி ஸனது பெறும் ஆலிமுக்கு ஹைளின் சட்டங்கள் நுணுக்கமாகத் தெரியும். தன் முன் அமரும் பிள்ளைக்கு நோயா, சோம்பலா என்று பிரித்தறிய ஒரு நாள் பயிற்சியும் இல்லை. பாடத்திட்டம் வகுக்கும் பெரியோர்கள் இதற்கு ஓர் ஆண்டில் நான்கே நாட்கள் ஒதுக்கினால் போதும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை அழைத்தால் அவர் வந்து பேசுவார். பள்ளிக்கூடங்களில் பேசுவதும் அவர்கள் பணியில் அடங்கியதே.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. மினாராவுக்கு மூன்றாம் முறை வண்ணம் பூசுவதற்கு வசூலிக்கிற நாம், மாதம் இரண்டு குடும்பங்களுக்கு மாவட்ட மருத்துவமனைக்குப் போய்வரும் பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலியும் கொடுக்கலாம். தகுதியுள்ள ஏழைக்கு ஸகாத்திலிருந்தே கொடுக்க இடமுண்டு. உடன் துணைக்குப் போக, வாய் திறந்து விசாரிக்கத் தெரிந்த ஓர் இளைஞரையும் ஒரு பெண்மணியையும் நியமிக்கலாம். பல தாய்மார்கள் திரும்பி வருவது நோயினால் இல்லை, எந்த அறைக்குப் போவது என்று தெரியாததால்தான். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு, மருந்துக்குக் காசில்லை. பேச்சு, வளர்ச்சி தாமதமான குழந்தைகளுக்கு மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் இருக்கிறது. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றவை. சான்று பெற்றால் தேர்வில் கூடுதல் நேரம் முதலான சலுகைகள் கிடைக்கும். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் ஆலோசனை இரவும் பகலும் கட்டணமின்றி, தமிழிலேயே கிடைக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் தொழுகை நேரங்களுக்குக் கீழே அந்த ஐந்து இலக்கங்களை எழுதி வைக்க எந்தப் பொதுக்குழுத் தீர்மானமும் தேவையில்லை.

மருந்து தொடங்கியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் மாதம் பிள்ளை சிரிக்கத் தொடங்கியதும், 'அடிமையாகிவிடுவான், நிறுத்துங்கள்' என்று யாராவது ஓர் உறவினர் வந்து சொல்வார். தவறாமல் வருவார். மருந்தைக் குறைப்பதும் நிறுத்துவதும் எழுதிக் கொடுத்தவரின் வேலை. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். எல்லாப் பிள்ளைக்கும் மருந்து வேண்டும் என்பதும் இல்லை. பலருக்குப் பேச்சும் பயிற்சியும் பெற்றோரின் நடத்தை மாற்றமுமே போதுமானவை.

ரமளான் நெருங்கும்போதெல்லாம் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றோடு முடிக்கிறேன். மாத்திரை உண்ணும் பிள்ளை நோன்பு வைக்கலாமா? பருவமடையாத பிள்ளைக்கு நோன்பு கடமையே இல்லை. மற்றவர்கள் வைக்கிறார்கள் என்று அவனை வற்புறுத்த வேண்டாம். பருவமடைந்தவர் என்றால் ஸஹரிலும் இஃப்தாரிலும் மட்டும் மருந்து எடுக்கும்படி நேரத்தை மாற்ற முடியுமா என்று ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். முடியும் என்றால் வைக்கட்டும். முடியாது, உறக்கம் கெட்டாலே நோய் திரும்பும் என்று அவர் சொன்னால், நோயாளிக்கு அல்லாஹ் வழங்கிய சலுகை அந்தப் பிள்ளைக்கும் உரியது. குணமான பின் களாச் செய்யலாம். நீடித்த நோயென்றால் ஃபித்யா இருக்கிறது. வீட்டில் மற்றவர்கள் நோன்பிருக்கும்போது அவனுக்கு மட்டும் மதியம் சோறு போட வேண்டிவரும். அதை முகம் சுளிக்காமல் போடுங்கள்.